மூட்டு மாற்றுக்குப் பின் எந்த வீடு: ஏற்காட்டு மலைவீடும் அம்மாபேட்டைத் தறிவீடும்

நோயாளி 61 வயதுப் பெண். ஏற்காட்டைத் தாண்டிய மலைக்கிராமம் ஒன்றில் வீடு. முப்பது வருடத்துக்கு மேல் காபித் தோட்டத்தில் பழம் பறித்தவர். உயரம் 152 செ.மீ., எடை 68 கிலோ. சர்க்கரை உண்டு, ஆபரேஷனுக்கு முன் எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 7.2. இரண்டு முட்டியும் தேய்ந்து, கால்கள் வில்லாக வளைந்திருந்தன. அதிகம் கெட்டிருந்த வலது முட்டிக்குச் சேலத்தில் முழு மூட்டு மாற்று செய்யப்பட்டது. ஆபரேஷனில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் 15ஆம் நாள் தையல் பிரிக்க வந்தபோது, வீட்டுக்குப் போகும் நாளில் இருந்ததைவிட முட்டி இறுகிப்போயிருந்தது. இடைப்பட்ட பத்து நாளில் என்ன ஆயிற்று, எந்த இடத்தில் வைத்து எப்படித் திருப்ப முடிந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதால், மலையிலிருந்து வரும் நோயாளிகள் பலரிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் விவரங்களை ஒரே நோயாளியிடம் கோத்து எழுதியிருக்கிறது. அளவுகள் அப்படிப்பட்ட நோயாளிக்குப் பொருந்துகிறவை.

முட்டியின் அசைவை இரண்டு எண்ணாக எழுதுவது வழக்கம். முதல் எண், கால் எவ்வளவு நேராகிறது என்பது. 0 என்றால் முழுக்க நேர். இரண்டாவது, எவ்வளவு மடங்குகிறது என்பது. இவருக்கு ஆபரேஷனுக்கு முன் 10–105. அதாவது பத்து டிகிரி வளைவு ஏற்கெனவே நிரந்தரமாகிவிட்டது. மூட்டைப் பொருத்தி முடித்ததும், மயக்கத்தில் இருக்கும்போதே அளந்ததில் 0–115. டாக்டர் கொடுத்தது அதுதான். அதில் எவ்வளவைக் காப்பாற்றிக்கொள்கிறோம் என்பதே அடுத்த மூன்று மாதத்து வேலை.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள்

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை வாக்கர் பிடித்து எழுந்து நின்றார். இரண்டாம் நாள் கழிவறை வரை நடந்தார். நான்காம் நாள் வராந்தாவில் 30 மீட்டர். மூன்று படி ஏறி இறங்கவும் பழக்கினார்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஐந்தாம் நாள் அளவு 5–80. காயம் காய்ந்திருந்தது, காய்ச்சல் இல்லை. வீட்டுக்கு அனுப்பும் எல்லா நிபந்தனையும் நிறைவேறிவிட்டது. கையில் படம் போட்ட உடற்பயிற்சித் தாள் ஒன்று கொடுக்கப்பட்டது.

கேட்காமல் விட்டது ஒன்று: எந்த வீட்டுக்குப் போகிறார்? “மகள் வீட்டில் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள்” என்ற பதிலோடு அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. கட்டில் எப்படிப்பட்டது, வாசலுக்கு எத்தனை படி, கழிவறை எங்கே, பகலில் யார் கூட இருப்பார்கள் என்று யாரும் துருவவில்லை. பழகிய படி வார்டுப் படி, 15 செ.மீ. உயரம், இரண்டு பக்கமும் கைப்பிடி. வீட்டுப் படி அப்படி இல்லை.

மலைவீட்டில் பத்து நாள்

தொடக்கம் காரில். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். நோயாளியைப் பின் சீட்டில் நீளவாக்கில் உட்காரவைத்து, கால் ஆடாமலிருக்க முட்டிக்கு அடியில் ஒரு தலையணை வைத்தார்கள். வலிக்குக் கொடுத்திருந்த மாத்திரை டிரமடால். அது தனியாகவே குமட்டலைத் தரக்கூடியது. காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்து மலை ஏறினால் கேட்கவே வேண்டாம். மூன்று முறை வாந்தி. வீடு போய்ச் சேர்ந்தவர், “அந்த மாத்திர எனக்கு ஒத்துக்கலைங்க” என்று மறுநாளிலிருந்து நிறுத்திவிட்டார். வாந்திக்கும் மலைப்பாதைக்கும் உள்ள தொடர்பை யாரும் முன்னாலேயே சொல்லி, வாந்தி மாத்திரையை அரை மணி முன்னதாகக் கொடுத்திருக்கவில்லை.

அதன்பின் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. மாத்திரை இல்லாததால் வலி. வலியால் பயிற்சி இல்லை. முட்டியை லேசாக மடக்கி வைத்தால் வலி குறையும், ஏனென்றால் 20 முதல் 30 டிகிரி மடங்கலில்தான் வீங்கிய மூட்டுக்குள் இடம் அதிகம், அழுத்தம் குறைவு. உடம்பு தானாகவே அந்த நிலையைத் தேடும். காரில் வைத்த தலையணை கட்டிலுக்கும் வந்தது. “தலகாணி வெச்சாத்தான் தூக்கம் வருதுங்க” என்பது இப்படிப்பட்ட எல்லா நோயாளியும் சொல்வது, அது உண்மையும்கூட. ஆனால் இரவு எட்டு மணி நேரம், பகலில் ஐந்தாறு மணி நேரம் என்று மூட்டின் பின்பக்கச் சவ்வும் பின்தொடைத் தசையும் சுருங்கிய நிலையிலேயே ஆறுகின்றன. புதிதாக உருவாகும் தழும்பு, கால் இருக்கும் நிலையையே தன் அளவாக எடுத்துக்கொள்ளும்.

கட்டில் கயிற்றுக் கட்டில், நடுவில் நன்றாகத் தொய்ந்தது. அதில் மல்லாந்து படுத்தால் இடுப்பு பள்ளத்தில் போகும், குதிகால் சட்டத்தின்மேல் நிற்கும். தலையணையை எடுத்துவிட்டாலும் முட்டி நேராக வழியில்லை. பயிற்சித் தாளில் இருந்த “முட்டியைக் கட்டிலோடு சேர்த்து அழுத்தவும்” என்ற படத்துக்கு அந்தக் கட்டிலில் பொருளே இல்லை: அழுத்தினால் கயிறுதான் இறங்கும்.

ரோட்டிலிருந்து வாசலுக்கு ஒன்பது கல்படி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 22 செ.மீ., ஒன்றுபோல் ஒன்று இல்லை, கைப்பிடி இல்லை. முதல் நாள் நாற்காலியில் வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். பத்து நாளும் அவர் இறங்கவில்லை. வீட்டுக்குள் நடக்கக் கிடைத்த தூரம் நான்கு மீட்டர். மகள் காலை எட்டு மணிக்குத் தோட்டத்துக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் வருவார். பிசியோ வீடியோ அழைப்பில் இரண்டு முறை முயன்றார். சிக்னல் இல்லாமல் படம் நின்று நின்று போய் அதுவும் கைவிடப்பட்டது.

குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அண்டை வீட்டுப் பெண் உப்பு ஒத்தடம் கொடுத்திருந்தார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் முட்டி மாற்று ஆபரேஷனில் முன்பக்கம் நீளமாகக் கீறும்போது, தோலுக்கு உணர்ச்சி தரும் சிறு நரம்புக் கிளை பெரும்பாலும் அறுபட்டுவிடும். கீறலின் வெளிப்பக்கம் மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கும். சூடு தெரியாது. ஒரு ரூபாய் நாணய அளவுக்கு அங்கே கொப்புளம். சர்க்கரை நோயாளிக்கு, தையலுக்கு நான்கு விரல்கடை தள்ளி, தோல் பிய்ந்த இடம் ஒன்று இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை. முதல் ஆறு வாரம் ஆபரேஷன் முட்டிக்குச் சூட்டு ஒத்தடம் கூடாது. கெண்டைக்கால் சதையை எண்ணெய் போட்டு உருவுவதும் கூடாது. உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம்.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை மட்டும் மகள் ஒரு நாளும் தவறவிடவில்லை. இந்தப் பத்து நாளில் சரியாக நடந்த பெரிய காரியம் அதுதான்.

15ஆம் நாள்: அளந்ததும் விலக்கியதும்

கோணமானியின் அச்சை முட்டியின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் வைத்து, ஒரு கரத்தை இடுப்போரம் தட்டுப்படும் எலும்பு முண்டை நோக்கியும், மற்றதை வெளிக் கணுக்கால் எலும்பை நோக்கியும் நிறுத்தி அளந்தபோது 18–68. குதிகாலுக்கு அடியில் துண்டுச் சுருளை வைத்து, தொடையை மெதுவாக அழுத்திக்கொண்டே ஒரு நிமிடம் காத்திருந்தால் 18 என்பது 14 வரை இறங்கியது. கையை எடுத்ததும் மறுபடி 18. இந்த நான்கு டிகிரி முக்கியமான செய்தி. முடிவில் ரப்பரை அழுத்தியது போல் இருந்தால் மென்திசு இறுகியிருக்கிறது, பயிற்சியில் திரும்பும். கல்லில் முட்டியது போல் சட்டென்று நின்றால் எலும்போ பொருத்திய பாகமோ தடுக்கிறது. அதை எத்தனை பயிற்சி செய்தும் திருப்ப முடியாது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். காலைத் தூக்கச் சொன்னபோது முட்டி 30 டிகிரி தொங்கியது. கையால் நீட்டினால் 18 வரை வருவது, தானாகத் தூக்கும்போது 30-இல் நிற்கிறது. இடையிலுள்ள 12 டிகிரி முன்தொடைத் தசையின் பலவீனம். ஆபரேஷனுக்குப் பின் முதல் மாதத்தில் இந்தத் தசை முன்பிருந்த பலத்தில் பாதிக்கும் கீழே போய்விடுவது சாதாரணம். வீக்கம் இருக்கும்வரை மூளையே அதற்கு முழுக் கட்டளை அனுப்பாது. ஆக, 18 டிகிரிக்கு நீட்டும் வேலை, 12 டிகிரிக்குத் தசைக்குப் பலமேற்றும் வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு காலைத் தூக்கும் பயிற்சியை மட்டும் கொடுத்தால் சுருக்கம் அப்படியே இருக்கும்.

வேகத்தைக் கூட்டுவதற்கு முன் விலக்க வேண்டியவற்றை டாக்டர் விலக்கினார். காயத்தில் கசிவு இல்லை, காய்ச்சல் இல்லை. உடம்பின் அழற்சியைக் காட்டும் ரத்த அளவான சி.ஆர்.பி. ஆபரேஷனுக்குப் பின் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இறங்க வேண்டிய ஒன்று, இறங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் பாகங்கள் உட்கார்ந்த இடம் சரி. வலது கெண்டைக்கால் சுற்றளவு இடதைவிட 1.5 செ.மீ. கூடுதல், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் ரத்தக் கட்டி இல்லை. இறுகிய முட்டியைக் கண்டதும் மடக்கத் தொடங்கிவிடுவது தவறு. கிருமித் தொற்றும் முட்டியை இறுக்கித்தான் காட்டும்.

நேராக்குவதில் ஏன் இவ்வளவு கவலை என்று வீட்டார் கேட்பது நியாயம். அவர்களுக்கு மடங்கவில்லையே என்பதுதான் பெரிய கவலை. சமதரையில் நடக்க 65–70 டிகிரி மடங்கல் போதும். 68 இருந்தாலும் எப்படியோ நடந்துவிடலாம். ஆனால் 15 டிகிரி நேராகாமல் நின்றால், சும்மா நிற்கும்போதுகூட முன்தொடைத் தசை ஓய்வில்லாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கால் குட்டையாகும், நடை நொண்டும், இடுப்பு வலிக்கும். மயக்கம் கொடுத்து டாக்டர் மடக்கிவிடும் சிகிச்சையும் மடங்கலுக்குக் கைகொடுக்கும் அளவுக்கு நேராவதற்குக் கைகொடுக்காது. இழந்த மடங்கலை மூன்று மாதத்திலும் மீட்கலாம். இழந்த நேரை முதல் ஆறு வாரத்தில் மீட்பது மேல்.

எங்கே தங்குவது

நான்கு வழிகள் பேசப்பட்டன. மலைவீட்டுக்கே திரும்பி வாரம் ஒரு முறை வருவது. மலையிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து போவது. பணம் கட்டி மறுவாழ்வு மையத்தில் மூன்று வாரம் தங்குவது. அல்லது சேலம் நகரின் அம்மாபேட்டையில் தங்கை வீட்டில் தங்கி, வாரம் மூன்று நாள் புறநோயாளியாகப் பிசியோவுக்கு வருவது.

முதலாவது ஏற்கெனவே தோற்றுவிட்டது. இரண்டாவதில் மணிக்கணக்கில் பஸ் சீட்டில் முட்டி மடங்கியே இருக்கும். பயிற்சி கொடுக்கும் நன்மையைப் பயணம் தின்றுவிடும். மறுவாழ்வு மையம் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 165 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், பத்து நாள் மறுவாழ்வு மையத்தில் தங்கிப் பிறகு வீட்டுப் பயிற்சிக்குப் போனவர்களும், நேராக வீட்டுக்கே போய்ப் பயிற்சி செய்தவர்களும் 26ஆம் வாரம் ஆறு நிமிட நடையில் ஒரே தூரம்தான் நடந்தார்கள். மையத்தில் தங்கியதால் கூடுதல் பயன் இல்லை. சிக்கல் இல்லாமல் தேறுகிறவர்களுக்கு இது நம்பத்தக்க முடிவு. இதைக் காட்டி, “வீடே போதும்” என்று எல்லோரையும் அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஆய்வில் வீட்டுக்குப் போனவர்களுக்கு ஒழுங்கான பயிற்சித் திட்டமும் கண்காணிப்பும் கூடவே போயின. ஒன்பது கல்படியும் தொய்ந்த கயிற்றுக் கட்டிலும் சிக்னல் இல்லாத போனும் ‘வீடு’ என்ற அந்தச் சொல்லுக்குள் அடங்காது.

இன்னொரு பக்கம், முட்டிக்குப் பொருத்தும் பாகங்களுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்ச விலை விதித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. கூலி வேலை செய்கிறவர்களுக்கும் இந்த ஆபரேஷன் எட்டியது மிகப் பெரிய நன்மை. அதனாலேயே இன்று ஆபரேஷன் முடிந்தவர் திரும்பிப்போகும் வீடு முன்பு போல் இல்லை. வீட்டைப் பற்றிய கேள்வி முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

தங்கை வீடு தேர்வாயிற்று. காரணம் செலவு மட்டும் அல்ல. அது தறி ஓடும் வீடு; பகல் முழுக்க ஆள் இருக்கும். தரைத்தளம், சிமெண்டுத் தரை, வாசலில் 15 செ.மீ. உயரத்தில் ஒரே படி.

அம்மாபேட்டை: 3ஆம் வாரம் முதல் 8ஆம் வாரம் வரை

நோயாளி போவதற்கு முன்பே வீட்டை அளந்தார்கள். வாசல் முதல் கொல்லைப்புறம் வரை நேர்கோட்டில் 11 மீட்டர். நடைபழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சிக்கல் தறிக்குழி ஓரத்தில்: சுவருக்கும் தறிக்கும் இடையே 50 செ.மீ.தான், வாக்கரின் அகலம் 58. சுவரோரம் இருந்த அலமாரியை இடம் மாற்றியதும் 75 ஆயிற்று. தறிக்குழியின் திறந்த பக்கத்தில் பலகை போட்டு மூடினார்கள். சுருண்டு கிடந்த மிதியடியை எடுத்துவிட்டார்கள். படுக்க மரப்பெஞ்சின் மேல் மெல்லிய பஞ்சு மெத்தை, தரையிலிருந்து 48 செ.மீ. அவர் உட்கார்ந்தால் தரையிலிருந்து முட்டிக்குழி வரை 40 செ.மீ.; இருக்கை அதைவிட ஐந்து முதல் எட்டு செ.மீ. உயரமாக இருந்தால்தான் கையூன்றி எழ முடியும். கழிவறைப் பீங்கானுக்கு மேலே நிறுத்தும் கமோடு நாற்காலி, கால்களுக்கு ரப்பர் குமிழோடு.

வலி மாத்திரையை டாக்டர் மாற்றி எழுதினார். பாராசிட்டமால் 650 மி.கி. மூன்று வேளை; சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியாக இருந்ததால் வீக்கம் குறைக்கும் மாத்திரை ஐந்து நாளைக்கு மட்டும், சாப்பாட்டுக்குப் பின். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை அதற்குள் முடிந்திருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும் என்பதால் கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது என்று அழுத்திச் சொல்லப்பட்டது. மாத்திரை நேரமும் முக்கியம்: பயிற்சிக்கு 45 நிமிடம் முன்பு. வலித்த பிறகு போடுவது பயிற்சிக்கு உதவாது.

நீட்டும் பயிற்சி இப்படி: நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே அதே உயர நாற்காலியில் குதிகாலை மட்டும் வைப்பது. முட்டிக்கு அடியில் ஒன்றும் இல்லை. முட்டிச் சிப்பிக்குச் சற்று மேலே ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலம், துண்டில் சுற்றி. பத்து நிமிடம், நாளுக்கு நான்கு தடவை. முதல் மூன்று நிமிடம் இழுக்கும், பிறகு தளரும். தளர்ந்த பிறகு கிடைக்கும் நிமிடங்களில்தான் வேலை நடக்கிறது. பத்து நாள் கழித்து எடை ஒன்றரைக் கிலோ. குறைந்த எடையில் நீண்ட நேரம் என்பதே விதி. அதிக எடையில் இரண்டு நிமிடம் அழுத்தினால் தசை எதிர்த்துச் சுருங்கும்.

முன்தொடைக்குத் தறியே கடிகாரமாயிற்று. நாடாவில் தார் (ஊடைநூல் சுற்றிய குழல்) தீர்ந்து மாற்றுவதற்காகத் தறி நிற்கும் ஒவ்வொரு தடவையும், முட்டியைப் பெஞ்சோடு அழுத்தித் தொடையை இறுக்கி பத்து எண்ணுவது. தறிச் சத்தம் நின்றதும், “அக்கா, இறுக்கு” என்று உள்ளேயிருந்து குரல் வரும். இந்தப் பயிற்சியின் உயிர் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரே மூச்சில் முப்பது செய்வதைவிட நாள் முழுக்கப் பரவலாகச் செய்வது நல்லது. புறநோயாளிப் பிரிவில் தசைக்கு மின்தூண்டலும் சேர்ந்தது.

மடக்குவதற்கு: நாற்காலியில் உட்கார்ந்து பாதத்துக்கு அடியில் வழுக்கும் துணி போட்டுப் பின்னால் இழுப்பது, கடைசியில் நல்ல காலால் ஆபரேஷன் காலை மெதுவாக அழுத்தி பத்து எண்ணுவது, பத்துப் பத்தாக மூன்று வேளை. ஐந்தாம் வாரத்திலிருந்து நிலையான சைக்கிள், சீட்டை நன்றாக உயர்த்தி. முழுச் சுற்று வராதபோது முன்னும் பின்னும் ஆட்டுவது. தானாக மடக்கும் மிஷினை வாடகைக்கு எடுக்கலாமா என்று மகன் கேட்டார். தேவை இல்லை என்பதே பதில். அது காலை மடக்கும், நோயாளியின் தசை வேலை செய்யாது. சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் சொல்லிக்கொள்ளும்படியான பலன் கிடைக்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் ஐஸ், துண்டில் சுற்றி 15 நிமிடம், நாளுக்கு நான்கு முறை. மரத்த வெளிப்பக்கத்தில் ஐஸும் புண்ணாக்கும் என்பதால் துண்டு இல்லாமல் வைக்கக் கூடாது.

நான்காம் வாரம் ஒரு சறுக்கல். முன்னேற்றம் போதாது என்று தங்கை கணவர் ஒரு மாலை முட்டியைப் பிடித்து பலமாக மடக்கிவிட்டார். மறுநாள் காலை சிப்பியின் நடுவில் எடுத்த சுற்றளவு 2 செ.மீ. கூடியிருந்தது. 84 வரை வந்த மடங்கல் 76 ஆயிற்று. இரண்டு நாள் மடக்கும் பயிற்சி பாதியாகக் குறைக்கப்பட்டது, நீட்டுவது மட்டும் தொடர்ந்தது. அன்றிலிருந்து தினமும் காலை எழுந்ததும் அளவு நாடாவால் அதே இடத்தில் சுற்றளவு எடுத்துக் காலண்டரில் எழுதினார்கள். முந்தைய நாளைவிட ஒரு செ.மீ.க்கு மேல் கூடினால் அன்றைக்குப் பாதிப் பயிற்சி. வலியைக் கேட்டு முடிவெடுப்பதைவிட இது நம்பகமானது: பயிற்சியில் வலி வரத்தான் செய்யும், இரவு தாண்டியும் தங்கும் வீக்கம்தான் அளவு மீறியதற்கு அடையாளம்.

அளவுகள்: 15ஆம் நாள் 18–68. நான்காம் வார முடிவில் 11–82. ஐந்தாம் வாரம் 8–92. ஆறாம் வாரம் 6–97. எட்டாம் வாரம் 4–105. ஆறாம் வாரத்தில் 90-ஐ எட்டாமல் இருந்திருந்தால் மயக்கம் கொடுத்து மடக்கும் முடிவை எடுக்க வேண்டியிருந்திருக்கும். 12 வாரத்துக்குள் செய்தால்தான் அதில் நல்ல பலன். தாமதித்தால் தழும்பு முற்றி, மடக்கும்போது எலும்பு முறியும் அபாயமும் சேரும். அந்தக் கட்டம் வராமல் போயிற்று.

நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனையில், 15ஆம் நாள் வாக்கரோடு 38 நொடி. ஆறாம் வாரம் கைத்தடியோடு 18. தடி இடது கையில். ஆபரேஷன் கால் வலது என்றால் தடி எதிர்க்கையில் இருக்க வேண்டும். வலிக்கும் பக்கமே பிடிப்பது எல்லோரும் செய்யும் பிழை.

மலைக்குத் திரும்புதல்

ஒன்பதாம் வாரம் மலைக்குப் போனார். அதற்கு முன் வீடு மாறியது. ஒன்பது படியின் ஒரு பக்கம் இரும்புக் குழாய்க் கைப்பிடி, 85 செ.மீ. உயரத்தில், மேல்படியையும் கீழ்ப்படியையும் ஓர் அடி தாண்டி நீட்டி. ஒவ்வொரு படியிலும் கைப்பிடி ஓரமாகப் பாதி அகலத்துக்கு 11 செ.மீ. உயரக் கட்டு, 22 செ.மீ. என்பது இரண்டு சின்னப் படியாயிற்று. கயிற்றுக் கட்டிலின் மேல் 18 மி.மீ. பிளைவுட் பலகை, கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி. தரை அடுப்பு ஹாலோ பிளாக் மேடைக்கு ஏறியது. கமோடு நாற்காலி கூடவே போனது. குத்துக்கால் போட்டு உட்கார 120 டிகிரிக்கு மேல் மடங்கல் வேண்டும், இந்த முட்டியில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

படிப் பழக்கம் சேலத்திலேயே 10, 15, 20 செ.மீ. என்று ஏற்றிக் கொடுக்கப்பட்டது. மலையில் கஷ்டம் ஏறுவதில் இல்லை, இறக்கத்தில். சரிவில் இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்க வேண்டும். பலம் கடைசியாகத் திரும்புவது அந்த வேலைக்குத்தான். நேராக இறங்காமல் குறுக்காக, சின்னச் சின்ன எட்டாக இறங்கப் பழக்கினார்கள். வடகிழக்குப் பருவமழையில் கல்படியில் பாசி பிடிக்கும். வாரம் ஒரு முறை தேங்காய் நாரால் தேய்த்துவிடும் பொறுப்பை மகள் ஏற்றார். தடியின் அடி ரப்பரில் வரிகள் தேய்ந்தால் உடனே மாற்ற ஒன்று கூடுதலாக வாங்கிக் கொடுத்தார்கள். மூடுபனி விலகாமல் ரோட்டில் நடக்க வேண்டாம் என்பதும் சொல்லப்பட்டது.

இந்த முறை பயணம் முன் சீட்டில், சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, கால் நீட்டி. கிளம்ப ஒரு மணி முன்பு இட்லி இரண்டு. பாதி வளைவு தாண்டியதும் வண்டியை நிறுத்தி இரண்டு நிமிடம் நின்று நடந்தார். வாந்தி இல்லை.

மலைக்குப் போனபின் கவனிக்க ஆள் வேண்டுமே என்ற கேள்விக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்தார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுப்பதோடு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. வீட்டுக்கு வரும் பிசியோவிடம் கொடுக்க ஒரே பக்கத்தில் மூன்று எண் எழுதிக் கொடுக்கப்பட்டது: நேராவது, மடங்குவது, சிப்பிச் சுற்றளவு. நேராவது 8-க்கு மேல் போனால் சேலத்துக்கு அனுப்பச் சொல்லி அதில் குறிப்பு. காயம் சிவந்தாலோ, கசிந்தாலோ, 101 டிகிரி காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் இறுகி வலித்தாலோ அன்றைக்கே வர வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினால் 108.

12ஆம் வாரம் 3–108, நடைச் சோதனை 13 நொடி. ஆறாம் மாதம் 2–112, 11 நொடி. சரிவில் கூடை கட்டிப் பழம் பறிக்கப் போக வேண்டாம் என்று சொல்லப்பட்டதால், அறுவடை நாளில் களத்தில் நாற்காலி போட்டுக் காபிக்கொட்டை பிரிக்கிறார்.

இடது முட்டிக்கும் ஆபரேஷன் தேவை. அதற்கான சேர்க்கைத் தாளில் இந்த முறை வீட்டு விவரத்துக்கென்று தனி இடம் போட்டிருக்கிறது: படி எண்ணிக்கையும் உயரமும், கட்டில் வகையும் உயரமும், கழிவறை, வாக்கர் போகும் இடைவெளி, பகலில் கூட இருப்பவர், போன் சிக்னல், பயண வழி. தங்கும் இடம் முதல் நாளிலிருந்தே அம்மாபேட்டை, ஆறு வாரம். மலைப்பயணத்துக்கான வாந்தி மாத்திரை வெளியேற்றச் சீட்டிலேயே எழுதப்படும். முட்டிக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது என்பதை மகளும் தங்கையும் ஆளுக்கொரு முறை பிசியோவிடம் திருப்பிச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள்.